பதினான்காவது வாய்தா

பன்னிரண்டு வருடமாக டிக்கெட் போடுகிறேன். மக்காவுக்கு உம்ரா போகும் நாற்பது பேரை ஒரே விமானத்தில் ஏற்றியிருக்கிறேன். பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, விமான நிலையத்தில் நின்றுகொண்டு எனக்குப் போன் போட்ட புதுமாப்பிள்ளையையும் சமாளித்திருக்கிறேன். ஆனால் தில்லைநாயகம் அண்ணாச்சியைப் போல என் உயிரை வாங்கியவர் யாரும் இல்லை. அதில் என் பங்கும் உண்டு. முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தேன்.

"தேதி மாத்துனா காசு கிடையாது அண்ணாச்சி. ஊர மாத்துனாத்தான் காசு."

அண்ணாச்சி நீதிமன்றத்தில் முப்பத்தாறு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். காசில்லாமல் வாய்தா கிடைக்கும் என்று அப்படிப்பட்டவரிடம் சொல்லலாமா? சொன்ன வாயில் நானே போட்டுக்கொள்ள வேண்டும்.

டிக்கெட்டை வாங்கியது அவர் இல்லை. அவர் மனைவி சொர்ணாம்பாள் டீச்சர். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் பூகோளம் நடத்தியவர். போன வருடம் ஜூன் மாதம் எங்கள் டிராவல்ஸ் படியேறி வந்து, உலகத்தை ஒரு சுற்று சுற்றி வர டிக்கெட் உண்டாமே என்று கேட்டார். உண்டு. சென்னையில் கிளம்பினால் சிங்கப்பூர், டோக்கியோ, வான்கூவர், லண்டன் என்று கிழக்கே பார்த்துப் போய்க்கொண்டே இருந்து மறுபடி சென்னையில் இறங்கலாம். ஒரே திசைதான், திரும்பி வரக் கூடாது. வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் முதல் விமானத்தில் ஏறிவிட வேண்டும். ஏறியபின் சுற்றி முடிக்க இன்னொரு வருடம்.

"எதுக்கு டீச்சர் இவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"பசிபிக் கடல்ல தேதிக்கோடு இருக்குல்லா, அதத் தாண்டணும். கிழக்காமப் போனா ஒரே கிழமை ரெண்டு தரம் வரும்னு ஒம்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருசா வருசம் சொல்லிக் குடுத்தேன். நான் பாத்தது கிடையாது. ஒரு மாதிரி, பொய் சொன்ன மாதிரியே இருக்கு."

அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து என் மேசைமேல் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொந்தரவு தராதவர், எனக்குப் பிடித்த வாடிக்கையாளர் என்று நினைத்தேன்.

இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டேன். ஆகஸ்டில் கிளம்புவதாக இருந்தது. ஜூலை கடைசியில் அண்ணாச்சி மட்டும் டவுன் பஸ் பிடித்து வந்தார். சட்டைப் பையில் தினசரி காலண்டரின் தாள் ஒன்றை நான்காக மடித்து வைத்திருந்தார்.

"ஏம்மா, நீ போட்டுருக்கது சனிக்கிழமை. சனிக்கிழமை கிழக்கே சூலம். கிழக்க போகக் கூடாது."

சூலம் இருக்கும் திசைக்குப் பயணம் ஆகாது என்பது எனக்கும் தெரியும். அக்கம்பக்கத்தில் பார்க்காததா? தேதியை நகர்த்தினேன். சீட்டுக்கட்டு வீடு போல அது. முதல் விமானத்தை நகர்த்தினால் பின்னால் இருக்கும் அத்தனை விமானங்களையும் நகர்த்த வேண்டும், இந்த மாதிரி டிக்கெட்டுக்கு என்று ஒதுக்கிய இருக்கை எல்லா நாளிலும் இருக்காது. ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. கணினியில் குறிப்புப் பகுதி ஒன்று உண்டு. மாற்றத்துக்கான காரணத்தை அதில் எழுதி வைப்பேன். 'காரணம்: சூலம்' என்று அடித்தேன். அதைப் படிக்கப்போகும் விமான கம்பெனிக்காரன் என்ன நினைப்பானோ என்று சிரிப்பாகவும் இருந்தது.

சிரிப்பு அக்டோபரோடு நின்றது. திங்களும் சனியும் கிழக்கே சூலம். மற்ற நாளைப் போட்டால், சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் வடக்கே போகிறது, செவ்வாயும் புதனும் வடக்கே சூலம் என்றார். அதையும் தப்பித்தால் அஷ்டமி. அஷ்டமி போனால் நவமி. ஒரு தடவை எல்லாம் கூடிவந்தது, வான்கூவரில் இறங்கும் நேரம் ராகுகாலம் என்று வந்து நின்றார்.

"எந்த ஊர் ராகுகாலம் அண்ணாச்சி, அங்க உள்ளதா இங்க உள்ளதா?"

"ரெண்டும்தான்."

நாளைக் கண்டால் சீட்டைக் காணோம், சீட்டைக் கண்டால் நாளைக் காணோம். மே மாதத்துக்குள் பன்னிரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. அவர் சட்டைப் பையில் கை போட்டாலே எனக்கு விரல் வலிக்கத் தொடங்கும்.

ஜூன் இருபத்து மூன்று கடைசி நாள். அன்றைக்குள் ஏறாவிட்டால் டிக்கெட் செத்துவிடும். தேடித் தேடிப் பார்த்ததில், அந்த ஒரே நாளில்தான் இரண்டு இருக்கை அகப்பட்டது. பதின்மூன்றாவது தடவையாக அதற்கு மாற்றினேன். அது திங்கட்கிழமை. அண்ணாச்சியும் டீச்சரும் சேர்ந்தே வந்திருந்தார்கள்.

"திங்கக்கிழமை கிழக்கே சூலம்லா" என்றார் அண்ணாச்சி, முகத்தில் வருத்தத்தைக் கொண்டுவந்து. "பேசாம ரத்து பண்ணிரும்மா. பிடிச்சது போக மிச்சம் வந்தாப் போதும். நாளைக்கு வந்து கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

டீச்சர் எதுவும் பேசாமல் எழுந்து போனார். படியில் இறங்கும்போது கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது? சுவரில் தொங்கிய காலண்டரை முறைத்தேன். நகைக்கடையில் கொடுத்தது. தினமும் நான்தான் கிழிக்கிறேன், ஆனால் தேதிக்குக் கீழே படித்ததே இல்லை. அன்றைக்கு எழுந்து போய், இருபத்து மூன்றாம் தேதித் தாளைத் தூக்கிப் பார்த்தேன். 'சூலம்: கிழக்கு' என்று இருந்தது. அதற்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில், 'பரிகாரம்: தயிர்.'

ஒரு கரண்டி தயிர் குடித்தால் தீர்கிற சூலத்துக்கு நான் பதினோரு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன். என் பெயர் நஃபீஸத், இவளுக்கு எங்கே பரிகாரம் தெரியப்போகிறது என்ற தைரியம்தான் அந்த மனுஷனுக்கு. உடனே டீச்சருக்குப் போன் போட்டேன்.

"டீச்சர், சூலத்துக்குத் தயிர் சாப்பிட்டாப் போதுமாமே."

"எனக்குத் தெரியாதாட்டி? கோர்ட்டு எங்க வீட்டுக்குக் கிழக்க. முப்பத்தாறு வருசம் திங்கக்கிழமை தவறாம தயிர் குடுத்துத்தான அனுப்புனேன்."

"பிறகு ஏன் பேசாம இருந்திய?"

"அவுகளுக்குப் பயம். மொட்டை மாடியில வத்தல் எடுக்கக்கூட ஏற மாட்டாக. பயம்னு அவுக வாயாலயே சொல்லட்டும், ரெண்டு பேருமாப் பேசிக்கிடலாம்னு பாத்தேன். சொல்லவே இல்ல. எனக்கு அறுபத்தாறு ஆச்சு. இத விட்டா நான் போவவே மாட்டேன்."

டீச்சருக்கு நான் ஒரு விஷயத்தை விளக்கினேன். இரண்டு பேரும் ஒரே முன்பதிவில் இருக்கிறார்கள். அதனால்தான் அவர் நகர்ந்தால் இவரும் நகர்கிறார், அவரை ரத்து செய்தால் இவரும் ரத்து. முன்பதிவை இரண்டாகப் பிரித்துவிடலாம். காசு கிடையாது.

"பிரிச்சிரு" என்றார் டீச்சர். யோசிக்கவே இல்லை.

மறுநாள் அண்ணாச்சி கையெழுத்துப் போட வந்தார். காகிதத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"இது உங்களுக்கு மட்டும். டீச்சர் டிக்கெட்ட தனியாப் பிரிச்சாச்சு. அவங்க திங்கக்கிழமை போறாங்க."

பேனா மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றார். "தனியாவா? கிழக்கே சூலம்லா?"

"தயிர் சாப்பிட்டுட்டுப் போறாங்களாம்."

பதினோரு மாதத்துக்கும் சேர்த்து அந்த ஒரு வார்த்தையை ரசித்துச் சொன்னேன். அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், கூடத்தை நேராக்கிக் கொடுத்துவிட்டால் பாவம் என்ன செய்வாள்? விட மனசில்லாமல் இன்னொன்றும் சொன்னேன்.

"நீங்க ரத்து பண்ணுனா அந்த சீட்டு காலி. ஒரு சிங்கப்பூர்க்காரர் கேட்டுக்கிட்டே இருக்காரு. டீச்சருக்குப் பக்கத்து சீட்டு. நல்லாப் பேசுற ஆளு."

அப்படி ஒருவரும் இல்லை. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

அண்ணாச்சி பேனாவை மூடினார். மறுபடி திறந்தார், மறுபடி மூடினார். மின்விசிறியைப் பார்த்தார். பிறகு அதனிடம் சொல்வது போலச் சொன்னார்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. ஸ்டூல்ல ஏறுனாலே காலு ஆடும். கோர்ட்டுல உள்ள ஆளு, இத எப்படி வெளிய சொல்ல?"

எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது. "டீச்சர்ட்ட சொல்லுங்க அண்ணாச்சி, எங்கிட்ட எதுக்கு?" என்றேன். ரத்துக் காகிதத்தை அவரே மடித்து, காலண்டர் தாள் வைக்கும் பையில் வைத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை சென்னை விமான நிலையத்திலிருந்து போன் வந்தது.

"ஏம்மா, தயிர் பாட்டில உள்ள விட மாட்டேங்கான். அவ வீட்டுல இருந்து உறை ஊத்திக் கொண்டாந்தது."

"எவ்வளவு இருக்கு?"

"அரை லிட்டர்."

"அங்கனயே நின்னு குடிச்சிருங்க."

குடித்தார். போனில் சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் பதின்மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தபோது டீச்சர் அழைத்தார். வான்கூவர்.

"நஃபீஸத், சனிக்கிழமை சாயங்காலம் டோக்கியோல ஏறுனோம். இங்க வந்து இறங்குனா சனிக்கிழமை காலை. எறங்குன உடனே ஒரு பொண்ணுட்ட இன்னைக்கு என்ன கிழமைன்னு கேட்டேன். சனிக்கிழமைன்னா." டீச்சர் அழுதார். "நான் சொன்னது பொய் இல்லட்டி."

நானும் பாலில் கையை வைத்தபடியே அழுதேன். அதற்குள் போன் கைமாறியது.

"ஏம்மா, லண்டனுக்குப் போற தேதிய ஒரு பதினஞ்சு நாள் தள்ளிப் போடணும். காசு கிடையாதுல்லா?"

"கிடையாது. இப்ப எந்தப் பக்கம் சூலம் அண்ணாச்சி?"

"சூலம் ஒண்ணும் கிடையாது. அவளுக்கு இங்கன பிடிச்சிருக்கு."

கையைத் துடைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். தேதியை மாற்றினேன். குறிப்புப் பகுதியில் பதின்மூன்று காரணங்களுக்குக் கீழே பதினான்காவதை அடித்தேன். 'காரணம்: டீச்சருக்குப் பிடித்திருக்கிறது.'