கம்பத்தில் நின்ற நிழல்

கொடிக்காலில் வெற்றிலை பறிக்கும் சின்னராஜைப் பஸ் நிறுத்தத்து விளக்குக் கம்பத்தில் காலையில் கட்டிவைத்து, சாயங்காலம் அவிழ்த்துவிட்டபோது அவன் மட்டும்தான் வீட்டுக்குப் போனான். நிழல் கம்பத்திலேயே நின்றுவிட்டது. கைகளைப் பின்னால் மடக்கி, தலையைத் தொங்கப்போட்டு நின்ற அதை மழை கழுவவில்லை. தேர்தல் சுவரொட்டியை மேலே ஒட்டினால், சுவரொட்டிக்கு மேலே வந்து நின்றுகொண்டது.

பன்னிரண்டு கட்டு வெற்றிலை காணாமல் போனதற்காக அவனைக் கட்டச் சொன்னவர் கொடிக்கால்காரர் சங்கத் தலைவர் தண்டாயுதபாணி. “அவன் எடுத்தானோ இல்லியோ, பாக்கறவனுக்குப் பயம் வரோணும்” என்றார். வந்தது. மூன்று வருடமாகப் பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு வாழைத்தார்கூடக் களவு போகவில்லை. காவல் குடிசைகளைப் பிரித்து அடுப்பெரித்தார்கள்.

எட்டாம் நாளே தண்டாயுதபாணிக்கு உண்மை தெரியும். வாடாமலிருக்க வாய்க்காலில் நனையப் போட்டிருந்த கட்டுகள், மடை திறந்ததில் அடித்துக்கொண்டு போய்க் கீழ் மதகில் அழுகிக் கிடந்தன. அவரே மண்வெட்டியால் புதைத்தார். அதன்பிறகு எவ்வளவு வெற்றிலை போட்டாலும் அவர் வாய் சிவப்பதில்லை.

காலடியில் நிழல் விழாதவனுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. சின்னராஜ் வெயிலில் இறங்குவதையே விட்டான். அவன் மனைவி சின்னாயி தினமும் போய் நிழலின் முகத்தை முந்தானையால் துடைப்பாள். முந்தானை நனைந்துவிடும். ஒருநாள் தண்டாயுதபாணி வாசலுக்கு வந்தாள்.

“ஏனுங்க சாமி, அவரு எடுக்கலீன்னு ஊர் முன்னால ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நெழலு ஊட்டுக்கு வந்துருமுங்க.”

சங்கக் கூட்டத்தில் அவர் எல்லாவற்றையும் சொன்னார். யாரும் அதிரவில்லை. பொருளாளர் நந்தகுமார் டீயை ஆற்றிக்கொண்டே, “அது எங்களுக்கும் அப்பவே தெரியுமுங்க. வெளிய சொல்லிக் காரியத்தைக் கெடுத்துப்போடாதீங்க. நெழலு என்ன, சோறா கேக்குது?” என்றார். சிரித்தார்கள். கைதூக்கி, அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள்.

மறுநாள் காலை தண்டாயுதபாணி பஸ் நிறுத்தத்துக்குப் போய், “சின்னராஜ் எடுக்கலீங்க!” என்று உரக்கச் சொன்னார். நிழல் தலையை நிமிர்த்தியது, நகரவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் கைப்பேசியில் மணி பார்த்தார்கள். அவர் கம்பத்தில் முதுகைச் சாய்த்து, கைகளைப் பின்னால் மடக்கிக்கொண்டார். நிழல் சற்று ஒதுங்கி இடம் விட்டது. பொழுது சாய்ந்து அவர் வீடு திரும்பும்போது காலடி வெறுமையாக இருந்தது.

இப்போது அங்கே இரண்டு நிழல்கள். உச்சி வெயிலில் கரூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற சனங்கள் அவற்றில்தான் ஒதுங்குகிறார்கள். முன்னைப்போல நெருக்கடி இல்லை, இடம் தாராளம்.