தொட்டில் வீட்டுச் சோறு

மண்ணூர்பேட்டையில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் பிள்ளை உண்டாகாத பெண்ணுக்கு, தொட்டில் ஆடுகிற வீடுகளிலிருந்து சோறு வரும். புருஷனும் பெண்டாட்டியும் அதை மிச்சம் வைக்காமல் தின்றால் அடுத்த தொட்டில் அவர்கள் வீட்டில். மிச்சம் வைத்தால், அனுப்பிய வீட்டுப் பிள்ளைக்கு ஆகாது.

எத்திராஜுக்கும் வரலட்சுமிக்கும் இந்தச் சோறு மூன்று வருஷமாக வந்தது. அவர்கள் தலையெழுத்து, அந்தத் தெருவில் தொட்டில் இல்லாத வீடு அவர்களுடையது ஒன்றுதான். நண்டுக் குழம்பு ஒரு வீட்டிலிருந்து, நெய்ப் பொங்கல் ஒரு வீட்டிலிருந்து. எல்லாம் தூக்குச் சட்டியில், மூடி மேலே வழிய.

எத்திராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படப் பட்டறையில் உலைக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள். மாதத்தில் பாதி நைட் ஷிப்ட். சாராயக்கடை திறந்த புதிது வேறு. கல்யாணப் போட்டோவில் மாலைதான் தெரியும், ஆள் தெரியாது, அத்தனை ஒல்லி. எழுபத்திரண்டாம் வருஷம் அவன் பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் எதிர்ப்பக்கம் நாலு பேரை உட்காரவைத்த பிறகுதான் விசில் கொடுப்பார். ஒருமுறை முகப்பேர் திருப்பத்தில் அந்த நாலு பேரும் இறங்கிவிட, பஸ் தானாக இடப்பக்கம் வளைந்து ஒரு கத்திரித் தோட்டத்துக்குள் போயிற்று. நான் அந்த பஸ்ஸில்தான் இருந்தேன். கத்திரிக்காய் நன்றாகவே இருந்தது.

வரலட்சுமியைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. வளையல்காரர் அவளைக் கண்டால், அந்தக் கைக்கு ஏறுகிற வளையல் இல்லாமல், பக்கத்துத் தெருவுக்குத் திரும்பிவிடுவார் என்பது போதும். அவளுக்கு மூன்று மாதம் நாள் தள்ளிப்போகும். மாமியார் முத்தம்மாள் பூரித்துப்போய் இன்னொரு கரண்டி நெய் ஊற்றுவாள். நாலாவது மாதம் ஒன்றுமில்லை என்று தெரியும். இப்படியே மூன்று வருஷம். கடைசியில் முத்தம்மாள் பூந்தமல்லி கோதண்டத்தின் இளைய மகள் வசந்தாவை மகனுக்கு இரண்டாந்தாரமாகப் பேசினாள். தை பிறந்ததும் முகூர்த்தம். சட்டம் ஒத்துக்கொள்ளாதே என்று யாரோ சொன்னதற்கு, சட்டத்துக்கு எத்தனை பேரப்பிள்ளைகள் என்று கேட்டாள்.

தைக்குள் ஏதாவது செய்யாவிட்டால் அந்த வீட்டில் தனக்கு இடம் கிடையாது என்று வரலட்சுமிக்குத் தெரிந்தது. எத்திராஜை இழுத்துக்கொண்டு ஆவடியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனாள். அந்த அம்மாள் அவளைப் பார்த்து முடித்துவிட்டு, வெளியே பெஞ்சில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவனையும் உள்ளே கூப்பிட்டார். அவனுக்கு அது பெரிய அதிர்ச்சி. பெஞ்சுக்கு அது நிம்மதி.

பரிசோதனை எல்லாம் முடிந்ததும் டாக்டரம்மா விளக்கினார். உடம்பில் கொழுப்பு ஏறினால், ஹார்மோன் என்று உள்ளே சுரப்பது தாறுமாறாகிவிடும். மாதாமாதம் கருமுட்டைக்கு வரவேண்டிய உத்தரவு வராது, நாளும் தள்ளிப்போகும். ஆணுக்கும் அப்படித்தான், தொந்தி, தண்ணி, தூக்கக்கேடு, மடியில் உலைச்சூடு எல்லாம் சேர்ந்தால் விந்து குறைந்துபோகும். இரண்டு பேரும் இளைக்க வேண்டும், நடக்க வேண்டும். அவன் உலையை விட்டு விலக வேண்டும், குடியை விட வேண்டும். பிள்ளை பிறக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது, வழி இருக்கிறது என்றார்.

திரும்பும் வழியில் எத்திராஜ் பெண்டாட்டியிடம் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டான். தன்னிடமும் குறை இருப்பதை யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

பட்டறையில் கேட்டுப் பேக்கிங் பக்கம் பகல் வேலைக்கு மாறினான். சாராயக்கடைப் பக்கம் போவதில்லை. ஆனால் வருகிற சோற்றை என்ன செய்வது? ஏரிக்கரைப் பொன்னியம்மனுக்கு வேண்டுதல் என்று வீட்டில் சொல்லிவிட்டு, தினமும் சாயங்காலம் இருவரும் தூக்குச் சட்டிகளோடு கரையைச் சுற்றி நடந்தார்கள். சோறு நாய்களுக்குப் போயிற்று. மிச்சம் வைக்கக்கூடாது என்பதுதானே விதி? நாய்கள் வைக்கவில்லை.

அந்த வருஷம் ஏரிக்கரை நாய்கள் போட்ட குட்டிகளுக்குக் கரை போதவில்லை. ஒரு கடுவன் நாய்கூட முழுகாமல் இருப்பதாகப் பேச்சு அடிபட்டது. நான் நேரில் போய் விசாரித்தேன். வெறும் தொந்தி.

வரலட்சுமி இளைத்தாள். மாதாமாதம் நாள் தவறாமல் வந்தது. டாக்டரம்மா இதுதான் நல்ல அறிகுறி என்றார். முத்தம்மாளுக்கோ இதைவிடக் கெட்ட அறிகுறி கிடையாது. முன்பாவது மூன்று மாதம் நம்பிக்கையோடு இருந்தாள். மருமகள் உடம்பு வற்றிவிட்டது, தை வரை பொறுக்க முடியாது என்று கார்த்திகையிலேயே தட்டு மாற்றக் கோதண்டத்தை வரவழைத்தாள்.

கோதண்டம் பழத்தட்டோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் நடை இல்லை, சோறும் கரைக்குப் போகவில்லை. ஆகவே நாய்கள் வந்தன. தாய்கள் முன்னே, குட்டிகள் பின்னே, வாசலிலிருந்து தெருக்கோடி வரை வரிசையாக உட்கார்ந்தன. குரைக்கவில்லை. பந்திக்கு வந்த விருந்தாளிகள் மாதிரி காத்திருந்தன.

முத்தம்மாள் நாய்களைப் பார்த்தாள், மூலையில் நிரம்பியிருந்த தூக்குச் சட்டிகளைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள்.

"தொட்டில் ஊட்டுச் சோத்த நாய்க்கா போட்டுகினு இருந்த? அப்புறம் எப்டிடி உனுக்கு வயிறு ரொம்பும்?"

வரலட்சுமி வாய் திறக்கவில்லை. எத்திராஜைப் பார்க்கவும் இல்லை. கோதண்டம் தட்டை நகர்த்தினார். வாங்கிக்கொள்ளக் கை நீட்ட வேண்டிய எத்திராஜ், கையைக் கட்டிக்கொண்டான்.

"வசந்தா வந்தாலும் இதே கததான் மாமா. எங்கிட்டயும் கொறை கீதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. சாராயம், உலச்சூடு, இந்தத் தொந்தி. இவ ஒருத்தியே பழியச் சொமந்துகினு கீறா."

வாசலில் ஒரு குட்டி கொட்டாவி விட்டது.

"ஏண்டி, இத்தினி நாளா சொல்லல?" என்றாள் முத்தம்மாள்.

"சத்தியம் வாங்கிகினாரு அத்தே."

முத்தம்மாள் தட்டைத் தானே எடுத்துக் கோதண்டத்தின் கையில் வைத்து, பெண்ணுக்கு வேறு நல்ல இடமாகப் பார்க்கச் சொன்னாள்.

கோதண்டம் கோபித்துக்கொண்டு கிளம்பினார். நாய்களைத் தாண்டிப் பாதித் தெரு போனவர் திரும்பி வந்து, கதவோரம் வரலட்சுமியைத் தனியே கூப்பிட்டார்.

"அந்த டாக்டரம்மா ஆம்பளைங்களையும் பாக்குதா, கண்ணு? என் பெரிய மாப்ளைக்குத்தான். கண்ணாலமாயி ஆறு வருசமாவுது."

"பாக்கறாங்க பெரிப்பா. ஆனா நடக்கச் சொல்லுவாங்க. செருப்பு கெட்டியா வாங்கிக் குடுங்க."

அடுத்த ஐப்பசி அடைமழையில் வரலட்சுமிக்குப் பெண் பிறந்தது. பூந்தமல்லியில் கோதண்டத்தின் பெரிய மகளுக்குக் கொஞ்சம் பிந்திதான். ஆனால் இரட்டை. மாப்பிள்ளை சொன்ன அளவைவிட அதிகமாக நடந்துவிட்டாராம்.