கரண்டு ஏறும் வரை

"தலையைப் பிடி தாயி, ஆட்டாம ஏத்து" என்றான் டிரைவர் ஆசீர்வாதம்.

சுருளியம்மாள் புருஷனின் தலையை மடியில் வாங்கிக்கொண்டு, எஸ்டேட் துரையின் பாட்டரி காருக்குள் பின்பக்கமாகவே நகர்ந்து ஏறினாள். காலையில் விறகுக்கு வெட்டிய மரம் பெரியமுத்துவின் நெஞ்சில் சாய்ந்திருந்தது. இருமும்போதெல்லாம் ரத்தம். தோளில் தூக்கிப் போனால் குலுக்கலிலேயே உயிர் போய்விடும், காரில் கணவாய் தாண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைக்கலாம் என்று எஸ்டேட் கம்பவுண்டர் சொல்லிக் கையைக் கழுவிவிட்டார்.

கார் கிளம்பவில்லை.

"இருக்கிற கரண்டு கணவாய் ஏத்தத்துக்குக் காணாது தாயி. நடுவழியில நின்னா என்ன பண்ணுவ?" தேயிலை பாக்டரிச் சுவரிலிருந்து வயரை இழுத்து வந்து காரில் மாட்டினான். "மாட்டுக்குன்னா வைக்கலைப் போட்டாப் போதும். இந்த மூதேவிக்கு ஆத்தையே ஊத்தணும்."

பங்குனி மாதம். சூரியநெல்லி ஓடை நூலாகத்தான் ஓடியது. அந்தத் தண்ணீரில் சுற்றும் டைனமோ இலை உருட்டும் மிஷினை ஓட்டும். அதை நிறுத்தினால் காருக்குக் கரண்டு ஏற்றும். இரண்டையும் சேர்த்துச் செய்ய அதற்குத் திராணி இல்லை.

பாக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் படியில் நின்றபடியே சொன்னார்: "வாடின இலை அம்புட்டும் மேல கிடக்கு. மிஷினை நிறுத்தினா புளிச்சுப் போகும். தொரைக்கு யாரு பதில் சொல்றது? இலை முடியட்டும்."

"ஐயா, அதுல நான் பறிச்சதும் கிடக்கு. புளிச்சாப் புளிச்சிட்டுப் போகட்டும்யா."

"உன் இலையைத் தனியாப் பொறுக்கி எடுக்கவா? சும்மா இரும்மா."

ஆசீர்வாதம் படியேறிப் போய்க் கெஞ்சினான். திட்டு வாங்கிக்கொண்டு இறங்கினான். உள்ளே மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

பெரியமுத்து கண்ணைத் திறந்தான். "மெத்தை பூவாட்டம் இருக்கு, புள்ள. தொரைசாணி உக்கார்ற இடமா?"

"பேசாதீக. மூச்சு வாங்குது."

"ரத்தம் பட்டுரும். சேலையைப் போட்டுக்க."

முந்தானையை அவன் வாய்க்கடியில் மடித்து வைத்தாள். நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்திருந்தாள். வெயில் காரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறியது. ஏறிய நெஞ்சு ஒருமுறை மெல்ல இறங்கிற்று. பிறகு ஏறவில்லை.

கொஞ்ச நேரத்தில் இலை முடிந்து மிஷின் நின்றது. டீமேக்கர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"கரண்டை விடுங்கடா காருக்கு! எப்படிம்மா இருக்கான்?"

உயிர் இல்லை என்று சொன்னால் வயரைப் பிடுங்கி, அவனை இந்த மெத்தையிலிருந்து தரையில் இறக்கிவிடுவார்கள். சுருளியம்மாள் கம்பளியை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"தூங்குறாக."

சீட்டுக்கடியில் பாட்டரிகள் உலை கொதிப்பதுபோல் களகளத்தன. ஆசீர்வாதம் குனிந்து எட்டிப் பார்த்தான். பெரியமுத்துவின் உதட்டோரத்தில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. அவன் சுருளியம்மாளைப் பார்த்தான். வயரைப் பார்த்தான்.

"முழுசா ஏற எம்புட்டு நேரமாகும்ணே?"

"பொழுது சாஞ்சிரும் தாயி."

"சாயட்டும்."

அவன் தொப்பியைக் கழற்றி ஈயை விரட்டினான். அது சுற்றி வந்து அங்கேயே உட்கார்ந்தது. மறுபடியும் விரட்டினான்.