டிங்கர் ஓடைக்கு வரும் தண்ணீர்

மூன்று நாள் மழை விட்ட காலையில் மார்னி பழைய ரயில் மேட்டின் மேல் நின்றிருந்தாள். தண்டவாளத்தைப் பிடுங்கி எத்தனையோ வருடமாகிவிட்டது. மேட்டின் ஓரத்தில் புல் மூடிய வடிகால் ஒன்று இருப்பதை இன்றுதான் பார்த்தாள். அதில் சாணி கலந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அப்பா கெல்வினின் பின்பக்க மேய்ச்சல் நிலத்துத் தண்ணீர் அது. சரிவுப்படி கிழக்கே, அடுத்த ஆற்றுக்குப் போக வேண்டும். ஆனால் மேட்டில் முட்டி, வடிகாலில் திரும்பி, நேராக டிங்கர் ஓடையில் விழுந்தது.

அவள் வடிகாலோடு ஓடை வரை நடந்து பார்த்துவிட்டு வந்தாள்.

ஓடைப் பராமரிப்புக் குழுவில் பட்டம் படித்தவள் அவள் மட்டும்தான். எந்த நிலத்துத் தண்ணீர் ஓடைக்கு வருகிறது என்று வரைபடத்தின் சமஉயரக் கோடுகளைப் பார்த்து மேசையிலேயே எல்லை போட்டிருந்தாள். மற்ற இடமெல்லாம் நடந்து பார்த்தவள், சொந்த நிலம்தானே என்று இங்கே மட்டும் வரவில்லை. எல்லைக்குள் விழுந்த மாட்டுப்பண்ணை நொலீன் என்பவருடையது ஒன்றுதான். ஓடையில் சாணி கலப்பது அங்கிருந்துதான் என்று அதற்குச் சிவப்பு அடித்து, படத்தை ஊர் மண்டபச் சுவரில் ஒட்டினாள். கூட்டத்துக்கு ஆளுக்கொரு தட்டு பலகாரம் கொண்டுவருவார்கள். அன்று நொலீனின் எலுமிச்சைக் கேக் வந்தபடியே திரும்பிப் போனது. மார்னியும் எடுக்கவில்லை. அதன் பிறகு நொலீன் வரவில்லை.

வீட்டில் அப்பாவிடம் சொன்னாள்.

"இப்ப எதுக்கு அதைக் கிளறுறே? வடிகாலை நான் அடைச்சிடறேன். யாருக்கும் தெரியாது."

"நொலீனுக்கு?"

"உன் படத்தைப் பார்த்துட்டு அவதான் மாடு இறங்காம கரையில வேலி போட்டு, செடியும் நட்டுட்டாளே. ஓடைக்கு நல்லதுதானே?" பூட்ஸைக் கழற்றியபடி சொன்னார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிறு மதியக் கூட்டத்தில் மார்னி எழுந்தாள். சுவரில் இருந்த படத்தருகே போனாள்.

"படம் தப்பு. நான்தான் தப்பா போட்டேன். சாணித் தண்ணி எங்க நிலத்துலேர்ந்து வருது."

சிவப்புப் பென்சிலால் தன் வீட்டு நிலத்தைத் தீட்டினாள்.

"ஏன்ப்பா கெல்வின், இத்தனை நாளா உன் சாணியையா மோந்துட்டிருந்தோம்?" என்றார் ஒருவர். மண்டபம் சிரித்தது. கெல்வினும் சிரித்துவிட்டார். நொலீனின் நிலம் சிவப்பான அன்று யாரும் சிரிக்கவில்லை.

மார்னி அங்கிருந்து நேராக நொலீனின் பண்ணைக்குப் போனாள். அவர் ஓடைக்கரையில் மண்வெட்டியோடு நின்றார்.

"கூட்டத்துல சொல்லிட்டேன். தப்பு என்னுதுன்னு."

"போன்ல சேதி வந்துச்சு." நொலீன் செடி வரிசையைக் காட்டினார். "முந்நூறு நட்டிருக்கேன். இருக்கட்டுமா, பிடுங்கணுமா? உன் படத்துல என்ன போட்டிருக்கு?"

மார்னி கரையில் இறங்கி அவர் அருகில் போனாள்.

"அன்னிக்கு அந்தக் கேக்ல நான் ஒரு துண்டு எடுத்திருக்கணும்."

"ஆமா, எடுத்திருக்கணும்" என்றார் நொலீன். பிறகு திரும்பி அடுத்த செடிக்கான குழியை வெட்டத் தொடங்கினார்.