அறுக்காத டப்பா

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில், கண்டிகையைத் தாண்டியதும், டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு முழித்துக்கொண்டது.

மிருதுளா ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். அணைந்தது. முன்னால் போன லாரி பிரேக் அடிக்க, வேகத்தைக் குறைத்தாள். மறுபடி எரிந்தது. ஆயில் விளக்கு. கூடவே பானெட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம். டக்... டக்... டக்... எவனோ உள்ளே உட்கார்ந்துகொண்டு எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டுகிற மாதிரி.

இண்டிகேட்டர் போட்டாள். ஓரம் கட்டினாள். இன்ஜினை அணைத்தாள்.

பின் சீட்டில் மூன்று பேர், முன்னால் ஒருத்தி. நால்வரும் அவள் தன் காரில் வேலைக்குக் கொண்டுபோய் விடும் ஐ.டி. கம்பெனிப் பெண்கள்.

"அக்கா, எனக்கு எட்டரைக்கு கிளையன்ட் கால்," என்றாள் முன் சீட்டு ஸ்ம்ருதி.

"ஆயில் பிரஷர் இல்லம்மா. ஓட்டினா இன்ஜின் ஜாம் ஆயிடும்."

"ஆகற வரைக்கும் போலாமே அக்கா?"

மிருதுளா சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள். வாயைத் திறந்திருந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது.

நால்வரும் வேறு வண்டி பிடித்துப் போன கையோடு போன் அடித்தது. ராஜகோபால். கம்பெனிக்குக் கார் விடும் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். எந்த வண்டிக்கு எந்த டிரிப் என்பதெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம்.

"இன்னா மிருதுளா, நடு ரோட்ல நாலு பேரை எறக்கி வுட்டியாமே?"

"ஆயில் லைட் எரிஞ்சுது சார். அதான் நிறுத்தினேன்."

"ஆயில் எங்க மாத்துன?"

"வீட்லதான் சார். போன வாரம்."

"அதானே பார்த்தேன்! வூட்ல தோசை ஊத்துற மாதிரி ஆயில் ஊத்துனா இப்படித்தான் நிக்கும். நம்ம வர்க்‌ஷாப்ல வுடுன்னு எத்தினி தபா சொன்னேன்?"

பின்னணியில் டிரைவர்கள் சிரிக்கும் சத்தம். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார், மனுஷன்.

"திங்கக்கெழம காலைல ஸ்டாண்டுக்கு வா. 'நானே ஆயில் மாத்துனேன், என் தப்பாலதான் வண்டி நின்னுது, இனிமே வர்க்‌ஷாப்லதான் வுடுவேன்'னு எழுதி கையெழுத்துப் போட்டுக் குடு. இல்லைன்னா லிஸ்ட்ல உன் வண்டி இல்ல. கரண்டி புடிக்கிற கையி ஸ்பானர் புடிச்சா..."

மிருதுளா போனை வெட்டினாள்.  

அவர் சொல்லும் வர்க்‌ஷாப் அவளுக்குத் தெரியும். வண்டலூரில், மஞ்சள் ஷட்டர் போட்டது. ஒரே ஒருமுறை விட்டிருக்கிறாள். ஆயில் மாற்றியாச்சு என்று சாவியைக் கொடுத்தார்கள். வெளியே வந்து ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் தார்க் கறுப்பு. புது ஆயில் தேன் நிறத்தில் இருக்க வேண்டாமா? ஃபில்டர் மேல் பழைய தூசி அப்படியே இருந்தது. கேட்டதற்கு, "நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டி ஆயிலா ஊத்தியிருக்கோம் மேடம், அப்படித்தான் தெரியும்" என்றான் ஒருவன். கார் கம்பெனி கொடுத்த புத்தகம் மெல்லிசான ஃபைவ் டபிள்யூ தேர்ட்டி ஆயில் என்கிறது, இவன் கெட்டியான ட்வென்டி டபிள்யூ ஃபிஃப்டி என்கிறான், அதையும் ஊற்றவில்லை. அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் கற்றுக்கொண்ட வேலை இது. அதன் பிறகு அவள் காரின் அடியில் வேறு எவனும் படுத்ததில்லை.

இப்போது அந்தக் கையே குற்றவாளி என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

கட்டி இழுத்து வந்த கார், ஊரப்பாக்கம் ஃபிளாட்டின் பார்க்கிங்கில் நின்றது. மிருதுளா முன் சக்கரங்களை இரும்புச் சாய்தளத்தில் ஏற்றினாள். பழைய நைட்டியின் மேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு, நீல பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

ஆயிலை வடிக்கும் அடி போல்ட் இறுக்கமாக இருந்தது. சுற்றிலும் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. ஃபில்டர் இறுக்கம். டிப்ஸ்டிக்கில் அளவு இரண்டு கோட்டுக்கும் நடுவில். ஊற்றியது ஊற்றியபடி இருந்தது.

என் கை தப்பு செய்யவில்லை.

போல்ட்டைக் கழற்றினாள். பேசினில் விழுந்தது ஆயிலா, ரசமா? ஒரு வாரத்தில் கறுத்து, தண்ணீராய் ஓடியது. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தாள். வழுக்கவே இல்லை. முகர்ந்தாள். மண்ணெண்ணெய் வாடை.

"நான் அப்பவே சொன்னேன்ல மிருது?"

கையில் டீயுடன் எழில் நின்றான். அவள் கணவன். தாம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். சட்டையை டக் இன் பண்ணாமல் பால் வாங்கக்கூடப் போகாதவன்.

"என்ன சொன்னீங்க?"

"இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு. அந்த ராஜகோபால் சார் கேக்கறதை எழுதிக் குடுத்துடேன். ஒரு பேப்பர்தானே? அதுல என்ன கௌரவம்?"

"டீயை வச்சிட்டுப் போங்க."

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"போங்கன்னேன்!"

மேல் மாடியில் ஒரு ஜன்னல் திறந்து மூடியது.

போன வாரம் காலியான ஆயில் டப்பா மோட்டார் ரூமுக்குப் பின்னால் கிடந்தது. அதை எடுத்தாள். தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் பழைய ஆயிலைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சட்டையோடே தாம்பரம் பஸ் ஏறினாள்.

அவள் வழக்கமாக ஆயில் வாங்கும் வாஜித்தின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கூட்டம். யாரையும் பொருட்படுத்தாமல் டப்பாவைக் கண்ணாடி மேஜை மேல் குத்தி வைத்தாள்.

"என்னடா வித்தே எனக்கு?"

"என்னக்கா, எடுத்ததும் டா போடறீங்க? கஸ்டமர் இருக்காங்க."

"இருக்கட்டும். அவங்களும் பாக்கட்டும்." பாட்டிலைக் கவிழ்த்தாள். கறுப்புத் தண்ணீர் கண்ணாடி மேல் ஓடி ஓரமாய்ச் சொட்டியது. "ஒரு வாரம். ஒரே வாரத்துல இப்படி ஆகுமா ஆயிலு?"

"என் கடைல டூப்ளிகேட்டா? வாப்பா காலத்துக் கடைக்கா இது! நீங்க ஊத்தும்போது என்ன பண்ணீங்களோ..."

"அதைத்தான் அங்க ஒருத்தன் சொல்றான். நீயும் சொல்லு. வரிசையா வந்து சொல்லுங்கடா எல்லாரும்!"

வாஜித்துக்கும் ரத்தம் ஏறியது. டப்பாவை வெடுக்கென்று எடுத்தான். லேபிளைப் பார்த்தான். மூடிக்குக் கீழே இருக்கும் வளையத்தை நகத்தால் நெம்பினான். வளையம் உடையவில்லை. உரிந்து வந்தது. பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

வாஜித்தின் முகம் மாறியது. மெதுவாக டப்பாவைத் தலைகீழாகத் திருப்பினான்.

அடிமூலையில் கட்டை விரல் அளவுக்குப் பிளாஸ்டிக் உருகிக் குழிந்திருந்தது.

"கம்பெனிலேருந்து வர்ற புது டப்பா இப்படி உருகியிருக்குமாக்கா?"

மிருதுளா அந்தக் குழியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். போன வாரத்துக்கு முந்தின தடவை ஆயில் மாற்றும்போது, அவசரத்தில் சூடான சைலன்ஸர் மேல் ஒரு டப்பாவைச் சாய்த்து வைத்தது நினைவுக்கு வந்தது. இதே மூலை. இதே குழி.

"இது என் டப்பா," என்றாள். "என்னோட பழைய டப்பா."

கூட்டம் மேஜையை நெருங்கி வந்து எட்டிப் பார்த்தது.

வாஜித் தலையைச் சொறிந்தான். "போன மாசம் டீலர்கிட்ட ஸ்டாக் வரலக்கா. ஒருத்தன் பெட்டியோட வந்தான், ஆயில் கம்பெனி ஏரியா ரெப்புன்னான். நானும் வாங்கி அடுக்கிட்டேன்." அலமாரியில் மிச்சமிருந்த மூன்று டப்பாக்களையும் இழுத்துக் கீழே போட்டான். "நான் போலீஸ்ல எழுதித் தரேன். ஆனா உங்க டப்பா எப்படிக்கா வெளிய போச்சு? காலி டப்பாவை அறுத்துத்தானே போடணும்? அறுக்கலைன்னா டூப்ளிகேட்காரன் அதுலயே அடைச்சு வித்துடுவான்னு எல்லார்கிட்டயும் படிச்சுப் படிச்சு சொல்றேனே!"

"அறுக்கச் சொல்லித்தான் குடுத்தேன்," என்றாள் மிருதுளா.

யாரிடம் என்று சொல்லவில்லை.

ஊரப்பாக்கம் ஸ்டேஷன் ரோட்டில் கிளியம்மாளின் பழைய சாமான் கடை. மிருதுளாவின் ஃபிளாட்டில் எல்லார் வீட்டுப் பழசும் வந்து சேரும் இடம். ஒரு பக்கம் அட்டை, இரும்பு, பாட்டில். மறு பக்கம் பழசுக்கு மாற்றாகக் கொடுக்கும் புதுக் குடங்களும் பக்கெட்டுகளும்.

மிருதுளா டப்பாவை நீட்டினாள். "இந்த மாதிரி டப்பா உங்ககிட்ட யாருக்கா குடுத்தது? எங்க ஃபிளாட் சி பிளாக்லேருந்து?"

"வேற யாரு? உன் வூட்டுக்காருதான். கண்ணாடி போட்டுகினு, சட்டையை உள்ள வுட்டுகினு வருவாரே. தங்கமான மன்சன்மா."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருசமா கீது. மூடியும் ஸ்டிக்கரும் ஒயுங்கா கீற டப்பாக்குத் தனி மவுசு. அறுத்துட்டா வெறும் பிளாஸ்டிக்குதான், எடைக்குப் போவும். உன் ஆளு சூதானம், ஒரு கீறல் இல்லாம கொணாந்து குடுப்பாரு. காசு கேக்கமாட்டாரு. போன தபா ஒரு ஸ்டூல் குடுன்னாரு. நீலக் கலரு."

மிருதுளாவின் காது சூடேறியது. "டப்பாவை யார் வாங்கறா?"

"குட்டியானை வண்டில ஒருத்தன் வருவான். கம்பெனிக்காரன்னான். நான் இன்னா அவன் ஜாதகமா பாக்கறேன்? உன் வூடு மட்டுமா? வண்டலூராண்ட மஞ்சள் ஷட்டரு போட்ட வர்க்‌ஷாப் கீதே, அங்கேர்ந்து மூட்டை மூட்டையா வருது. அவங்களை வுட்டுட்டு என்னாண்ட வந்து மொறைக்கிற?"

வீட்டுக்கு நடந்தாள். ஓடினாள் என்றே சொல்லலாம்.

எழில் பார்க்கிங்கில் அந்த நீல ஸ்டூலைத் துடைத்துக்கொண்டிருந்தான். மிருதுளா விட்ட உதையில் ஸ்டூல் கேட்டில் போய் மோதியது.

"அறுத்துப் போடுன்னு குடுத்தேன். ஒவ்வொரு தடவையும். அறுத்தியா?"

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவனை அவள் ஒருமையில் அழைத்ததில்லை. எழில் கண்ணாடியைக் கழற்றினான்.

"நல்ல டப்பா மிருது. புதுசு மாதிரி இருக்கு. அதைப் போய் அறுக்க மனசு வரலை. நீயும் தரையில உக்காந்து உக்காந்து முதுகு வலிக்குதுன்னே. அதான் ஒரு ஸ்டூல்..."

"எனக்காக?"

"உனக்காகத்தான்."

"அந்த ராஜகோபால் ஸ்பீக்கர்ல போட்டு என்னைக் கேலி பண்ணினதுக்கப்புறமும், எழுதிக் குடுத்துடுன்னு டீயோட வந்து நின்னியே, அதுவும் எனக்காகவா? உன் டப்பாலதான் என் வண்டிக்கு விஷம் வந்திருக்கு! என் கை தப்பு பண்ணலைன்னு எல்லா இடத்துலயும் போய் காட்டிக் காட்டி நிக்கறேன்!"

"எனக்கு இப்படி ஆகும்னு தெரியாது."

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். நான் சொன்னா ஏன்னு கேக்கக்கூடத் தோணாது உனக்கு." மூச்சு வாங்கியது. "திங்கக்கிழமை என்கூட வா. அங்க எல்லார் முன்னாடியும் சொல்லு. அப்புறம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வாஜித்தோட கையெழுத்துப் போடு."

"போலீஸா? காலேஜுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"அதை டப்பா குடுக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

பெட்ரோல் பங்கில் சீல் உடையாத ஆயில் வாங்கினாள். கொஞ்சம் ஊற்றி, உள்ளே கிடந்த மிச்ச அழுக்கு இறங்க வடியவிட்டு, புது ஃபில்டர் போட்டு, மறுபடி முழு அளவும் ஊற்றினாள். ஸ்டார்ட் செய்தாள். விளக்கு எரிந்து உடனே அணைந்தது. காதை பானெட் மேல் வைத்துக் கேட்டாள். டக் டக் இல்லை. அன்றைக்கு அந்தச் சாலையில் நிறுத்தாமல் ஓட்டியிருந்தால், இன்று இந்த இன்ஜின் கிளியம்மாள் கடையில் எடைக்குப் போயிருக்கும்.

திங்கள் காலை. கேளம்பாக்கம் ஸ்டாண்டில் பத்துப் பன்னிரண்டு கார்கள். ராஜகோபால் பேப்பரைத் தயாராகவே வைத்திருந்தார். நைட் ஷிஃப்ட் முடித்த நாலு பெண்கள் வண்டிக்காகக் காத்து நின்றார்கள்.

"வா, வா. பேனா கீதா உன்னாண்ட? நான் தரட்டா?"

மிருதுளா எழிலைப் பார்த்தாள். எழில் முன்னால் வந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே, காலி டப்பாவை அறுக்காமல் கொடுத்ததையும், அது போலி ஆயிலோடு கடைக்கு வந்ததையும் சொல்லி முடித்தான்.

ராஜகோபால் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்போ வூட்டுத் தப்புதானேம்மா! நீ இல்லைன்னா உன் புருஷன். எழுது, எழுது."

டிரைவர்களும் சிரித்தார்கள். எழிலின் காது சிவந்தது. மிருதுளா பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"எழுதறேன் சார். மஞ்சள் ஷட்டர் வர்க்‌ஷாப்ல காலி டப்பாவை அறுக்கறாங்களான்னு சொல்லுங்க, அதையும் சேர்த்து எழுதறேன்."

"அது இன்னாத்துக்கு உனக்கு?"

"மூட்டை மூட்டையா அறுக்காத டப்பாவா ஊரப்பாக்கம் கடைக்கு வருது சார். என் வீட்ல போனது விரல் விட்டு எண்ணுற மாதிரி. உங்க ஆளு அனுப்பினது எத்தனை? அதுல என்ன அடைச்சு, எவன் வண்டில ஊத்தியிருக்காங்க?"

சிரிப்பு நின்றது.

காலேப் என்ற டிரைவர்தான் முதலில் அசைந்தான். "சார், என் வண்டி போன மாசம் அங்கதான் ஆயில் மாத்துச்சு. காலைல ஸ்டார்ட் பண்ணா டக் டக்குங்குது. நீங்க பெட்ரோல் சரியில்லைன்னீங்க."

"டேய், அவ சொல்றான்னு நீ..."

காலேப் காத்திருக்கவில்லை. பானெட்டைத் திறந்தான். டிப்ஸ்டிக்கை இழுத்தான். விரலில் தொட்டு முகர்ந்தான். பக்கத்துக் காரின் பானெட்டும் திறந்தது. அதற்கடுத்ததும். வரிசையாக.

"டேய், மூடுங்கடா! ஷிஃப்டு வெயிட் பண்ணுது!" ராஜகோபால் கத்தினார். யாரும் மூடவில்லை. அவர் கையில் இருந்த போன் அடித்தது. கம்பெனியிலிருந்து. வண்டி எங்கே என்று கேட்பது வெளியே கேட்டது.

மிருதுளா கையை நீட்டினாள். பேப்பருக்காக அல்ல. அன்றைய சவாரி எழுதிய டிரிப் ஷீட்டுக்காக.

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

நாலு பெண்களும் ஏறிக்கொண்டார்கள். எழில் முன் கதவின் அருகில் தயங்கி நின்றான்.

"மிருது, நான் எப்படி..."

"இடமில்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல வாஜித் நிக்கறான். கையெழுத்துப் போட்டுட்டு பஸ்ல வா."

"கொஞ்ச நாள் கழிச்சுப் போடலாமா?"

அவள் கண்ணாடியை ஏற்றினாள். கியர் விழுந்தது. ஸ்டாண்டைத் தாண்டும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். திறந்த பானெட்டுகளுக்கு நடுவே எழில் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். பிறகு, சட்டையை இழுத்து உள்ளே விட்டுக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் பக்கமாக நடக்க ஆரம்பித்தான்.

அவளுக்குக் கோபம் குறையவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.