ஒப்பீட்டுக் குழுவில் ஒருத்தி

யன்னலைச் சாத்தியது இராசமலர்தான். கொக்கியையும் மாட்டினாள். வெளியே நின்ற பெர்னடெட் பிழை செய்து பிடிபட்டவள்போல ஒரு சிரிப்புச் சிரித்து, பாடக் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விலகிப் போனாள். உள்ளே வட்டமாக இருந்த மாணவர்கள் கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். வெக்கையான பின்நேரம். குடாநாட்டில் போரால் மின்சாரம் நின்று இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டபடியால், கூரையில் விசிறி என்று ஒன்று தொங்குவதையே எல்லோரும் மறந்திருந்தார்கள். காற்று வந்த ஒரே வழியும் அடைபட்ட அந்த அறையில், யன்னலைத் திறக்கும்படி ஒருவரும் கேட்கவில்லை.

இராசமலர் ஈவிரக்கம் இல்லாதவள் அல்ல. இணுவிலில் இருந்து சைக்கிளில் புறப்படும்போது கந்தசாமி கோயில் வாசலில் இறங்கி, திருநீறு பூசி, அன்றைக்குத் தன்னால் ஒருவருக்கும் தீங்கு வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டு வருகிறவள். பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பித்தாள். பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் தமிழில் படித்துக் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்த பிள்ளைகள், இங்கே வந்த முதல்நாளே ஆங்கில விரிவுரைக்கு முன்னால் வாயடைத்துப் போய்விடுவார்கள். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதி, விளங்காமலே பாடமாக்கி, விளங்காமலே ஒப்புவிப்பார்கள். அவளும் ஒரு காலத்தில் அப்படி இருந்தவள்தான். விரிவுரை முடிந்த பிறகு ஒரு மணித்தியாலம் பிள்ளைகள் வட்டமாக இருந்து, கேட்டதை ஒருவருக்கொருவர் தமிழில் விளங்கப்படுத்தினால் என்ன என்ற எண்ணம் அந்த நாளில் விழுந்த விதை.

கற்பித்தலையும் கற்றலையும் பற்றி ஆராயும் விரிவுரையாளர்களுக்கென்று பல்கலைக்கழகம் சிறிய நிதி ஒன்று வைத்திருந்தது. தாளும் ஸ்ரென்சில் மையும் யானை விலை விற்ற பொருளாதாரத் தடைக்காலத்தில் அது பெரிய உதவி. நிதிக்குழுவின் தலைவர் பேராசிரியர் தியாகலிங்கம். அவளுடைய விண்ணப்பத்தை வாசித்துவிட்டு, யோசனை நல்லது, ஆனால் இந்த வகுப்பு இல்லாத பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் காட்டாவிட்டால் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்றார்.

"பாதிப் பேருக்குக் குடும் பிள்ளை, பாதிப் பேருக்குக் குடுக்காதையும். அப்பதான் வித்தியாசம் தெரியும். ரண்டும் கலந்துதெண்டால் நிதியும் இல்லை, ஒண்டும் இல்லை."

வித்தியாசம் தெரிந்தால், அடுத்த வருடத்தில் இருந்து முதலாம் வருடத்தார் எல்லோருக்கும் அந்தத் தமிழ் மணித்தியாலத்தைக் கொடுப்பதாகப் பீடம் ஒத்துக்கொண்டது. இராசமலருக்கு வேண்டியது அதுதான். சோதனைச் சுட்டெண் ஒற்றையாக இருந்தவர்களை வகுப்புக்கு எடுத்தாள். இரட்டையாக இருந்தவர்களை ஒப்பீட்டுக் குழு என்று வெளியே விட்டாள். பெர்னடெட்டின் எண் இரட்டை.

குருநகர்க் கடற்றொழிலாளி ஒருவரின் மகள் அவள். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி மிதித்த முதல் ஆள். கரையில் ஷெல் விழத் தொடங்கிய பிறகு, தாயோடும் தகப்பனோடும் அரியாலைப் பக்கத்தில் ஒரு தேவாலய மண்டபத்தில் இருந்தாள். யன்னல் சாத்தப்பட்ட அன்று வகுப்பு முடியும்வரை மரத்தடியில் காத்து நின்று, இராசமலர் வெளியே வந்ததும் கிட்ட வந்தாள்.

"நான் உள்ளுக்கு வரேல்லை மிஸ். வாய் திறந்து ஒண்டும் கேக்கவும் மாட்டன். யன்னலடியிலை நிண்டு கேட்டுட்டுப் போறன்."

கோபித்து அனுப்பியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று இராசமலர் பின்னாளில் நினைத்ததுண்டு. அவள் கோபிக்கவில்லை. பொறுமையாக, ஒரு தாய் சொல்வதுபோல விளங்கப்படுத்தினாள். "நீர் கேட்டால் என்ரை ஒப்பீடு பிழைச்சுப் போகும். நிதியை நிப்பாட்டிப் போடுவினம். பிறகு ஒருத்தருக்கும் இந்த வகுப்பு இல்லை. ஒரு வருசம் பொறும்."

"அப்ப அடுத்த வருசம் வாற பிள்ளையள் எல்லாருக்கும் இருக்குமோ மிஸ்?"

"ஓம். கடவுள் கிருபையிலை இருக்கும்."

பெர்னடெட் கொப்பியை மடக்கிப் பைக்குள் வைத்தாள். "அப்ப நான் இந்தப் பக்கம் வரேல்லை மிஸ்" என்றாள். சொன்னபடியே பிறகு வரவில்லை. விரிவுரையில் கடைசி வாங்கில் இருந்து, குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பதை இராசமலர் காண்பாள். கண்ணும் கண்ணும் சந்தித்தால் அந்தப் பிள்ளை சிரிக்கும். இராசமலர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒரு வருடந்தானே என்று சொல்லிக்கொள்வாள்.

சோதனை வந்தது. குண்டுவீச்சால் இரண்டு தரம் தள்ளிப்போய், ஒருவாறு நடந்தும் முடிந்தது. புள்ளிகளை வைத்துப் பார்த்தபோது இராசமலர் திகைத்துப்போனாள். இரண்டு குழுவும் ஒன்றுபோலவே செய்திருந்தன. முந்தைய வருடங்களைவிட இரண்டுமே நல்லாய்ச் செய்திருந்தன. ஆனால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இல்லாவிட்டால் வகுப்பால் பலனில்லை என்றுதான் குழு எழுதும். கூட்டிப் பார்த்தது பிழையோ என்று மறுபடியும் கூட்டினாள். பிழை இல்லை.

வகுப்புப் பிள்ளைகளில் வாய்க்காரி, உடுப்பிட்டிக் குணலட்சுமி. அவளைக் கூப்பிட்டுக் கேட்டபோது, அவள் கொஞ்சம் நெளிந்துவிட்டு உண்மையைச் சொன்னாள். வகுப்பில் விளங்கியதை அன்றன்றைக்குப் பின்னேரம், தங்கியிருந்த வீடுகளில் ஒரு போத்தல் விளக்கைச் சுற்றி இருந்து, மற்றக் குழுவாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் இருவர் அல்ல, எல்லோரும்.

"ஒரே வீட்டிலை ஒரே பானையிலை சாப்பிடுறம் மிஸ். இதை மட்டும் எப்பிடி ஒளிக்கிறது?"

இராசமலருக்கு முதலில் வந்தது சிரிப்பு. தான் யன்னலைச் சாத்தினால் இந்தப் பிள்ளைகள் கதவையே கழற்றி வைத்திருக்கிறார்கள். நிதி போனால் போகட்டும், முருகா, நீ பிள்ளைகளுக்கு நல்ல மனதைக் கொடுத்திருக்கிறாய் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே கையில் இருந்த புள்ளித்தாளைப் பார்த்தவளின் கண், அடியில் கிடந்த பெயரில் போய் நின்றது. இரண்டு குழுவிலும் சோதனையில் தவறியவள் ஒருத்திதான்.

"பெர்னடெட்டுக்கு நீங்கள் சொல்லிக் குடுக்கேல்லையோ?"

குணலட்சுமியின் முகம் மாறிவிட்டது. "கூப்பிட்டனாங்கள் மிஸ். கையைப் பிடிச்சு இழுத்தும் பாத்தனாங்கள். அவ வரமாட்டன் எண்டிட்டா. மிஸ்ஸின்ரை ஆராய்ச்சி பிழைச்சுப் போகும், அடுத்த முறை வாற பிள்ளையளுக்கு வகுப்பு இல்லாமல் போகும் எண்டு எங்களைத்தான் பேசினவ. மிஸ்ஸிட்டைச் சொல்லிப்போடுவன் எண்டுகூட வெருட்டினவ. ஆனால் சொல்லேல்லை."

ஒப்பீட்டுக் குழு என்று கடைசிவரை இருந்தது அந்த ஒரு பிள்ளைதான்.

நடந்தது முழுவதையும், யன்னலையும் மறைக்காமல், பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உம்முடைய பிள்ளையள் உம்முடைய ஆராய்ச்சியைத் திண்டு போட்டுதுகள்" என்று பகிடியாகத் தொடங்கியவர், அவள் முகத்தைக் கண்டு நிறுத்திவிட்டார். நிதி நின்றுவிடும் என்றார். பெர்னடெட்டின் புள்ளியைக் காட்டி அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "ஒருத்தியை வைச்சு ஒண்டும் நிறுவேலாது பிள்ளை" என்றார். அவர் இரக்கத்தோடுதான் சொன்னார்.

பெர்னடெட் மறுசோதனைக்குப் பதியவில்லை. அவளைத் தேடி இராசமலர் அரியாலைக்குப் போனாள். தான் பக்கத்தில் இருந்து படிப்பித்து மறுசோதனை எழுதவைப்பது என்று வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு போனாள். தேவாலய வளவு முழுக்கச் சனம். மண்டபத்துக்குள் சீலைகளைக் குறுக்கே கட்டி ஒவ்வொரு குடும்பமும் ஒரு பாய் அகலத்தை வீடாக்கியிருந்தது. அப்படி ஒரு சீலையை விலக்கிக்கொண்டு வந்தவள் பெர்னடெட்டின் தாய் லூர்த்தம்மா. தேடி வந்திருப்பது யார் என்று தெரிந்ததும், கையைச் சட்டையில் துடைத்து, இராசமலரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இருந்த ஒரே முக்காலியில் அவளை இருத்திவிட்டுத்தான் கதைக்கத் தொடங்கினாள்.

பெர்னடெட் இல்லை. தகப்பனுக்குக் கடலுக்குப் போகத் தடை, வீட்டில் வருமானம் இல்லை. மன்னாரில் உள்ள சிறியதாயிடம் போய்த் தையல் வேலை செய்கிறேன் என்று பிடிவாதமாக நின்று, குடாநாட்டைவிட்டு வெளியேற இருந்த ஒரே வழியான கிளாலிக் கடலால் போன கிழமை போய்விட்டாள். அதே கிழமை அந்தக் கடலில் படகுகளுக்குச் சூடு விழுந்ததாகச் சனம் கதைக்கிறது. மன்னாரில் இருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தகப்பன் விடிய வெளிக்கிட்டுக் கிளாலிக்கு விசாரிக்கப் போயிருக்கிறார்.

"படிப்பு எனக்குச் சரிவராது அம்மா எண்டவள். நான் நம்பேல்லை." லூர்த்தம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்கடை மிஸ் பெரிய அலுவல் ஒண்டு செய்யிறா, அது சரிவந்தால் இனி வாற பிள்ளையள் என்னைப்போல முழுசிக்கொண்டு இருக்கத் தேவையில்லை எண்டு எத்தினை தரம் சொன்னவள் தெரியுமே. அது சரிவந்ததோ ரீச்சர்?"

இராசமலர் "பிள்ளையள் எல்லாரும் நல்லாய்ச் செய்தவை" என்று மட்டும் சொன்னாள். அது பொய் இல்லை.

"என்ரை பிள்ளை கெட்டிக்காரிதானே ரீச்சர்?"

"ஓம். எல்லாரிலும் அவள்தான்."

லூர்த்தம்மா தலையை ஆட்டினாள். கண்ணீர் வழிந்தபடி இருக்க, அதைத் துடைக்காமல், விருந்தாளிக்குத் தேத்தண்ணி வைக்கத் தண்ணீர் தேடினாள். அதற்குள் வெளியே செபமாலை தொடங்கிவிட்டது. கிளாலியால் போனவர்களுக்காகச் சொல்லுகிறார்கள், கொஞ்சம் பொறுங்கோ ரீச்சர் என்று முக்காட்டைப் போட்டுக்கொண்டு அவள் எழுந்து போனாள்.

இராசமலரும் பின்னால் போய் மண்டபத்து வாசலில் நின்றாள். நெற்றியில் காலையில் பூசிய திருநீறு வேர்வையில் பாதி அழிந்திருந்தது. சனம் நெருக்கியடித்து நிலத்தில் இருந்தது. ஒரு குரல் முன்னே சொல்ல, எல்லோரும் சேர்ந்து பின்னே சொன்னார்கள். அந்தச் சொற்கள் அவளுக்குத் தெரியாது. எங்கே நிற்பது, கையை எப்படி வைத்துக்கொள்வது என்றும் தெரியாது. திரும்பிப் போகலாமா என்று அவள் படியில் கால் வைத்தபோது, கடைசி வரிசையில் மடியில் பிள்ளையோடு இருந்த முன்பின் தெரியாத ஒரு பெண், செபத்தை நிறுத்தாமலே அண்ணாந்து பார்த்தாள். பிறகு, பிள்ளையைத் தூக்கி மற்றத் தொடையில் வைத்து, பாயில் ஓர் ஆள் இருக்கும் அளவுக்கு இடம்விட்டு அரக்கி இருந்தாள்.