கழுவிய பால் கவர்

சேவுகன் யாரையும் நம்பமாட்டார். கேஸ் சிலிண்டர் வந்தால் வாசலிலேயே எடை போட்டுப் பார்ப்பார். அரிசி மூட்டையின் அடிவரை கையை விட்டு அளைவார். அப்படிப்பட்டவர் கண்ணெதிரே மனைவி ராஜலட்சுமி தினமும் பால் கவரைக் கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தால் சும்மா இருப்பாரா?

“கவரு வெலையவிட கழுவுற தண்ணிக்கும் சோப்புக்கும் கூட ஆகுது. மோட்டார் கரண்டுக்கு யாரு குடுப்பா?” என்பார்.

“பஞ்சாயத்துல குப்பையப் பிரிச்சுக் குடுக்கச் சொல்லிருக்காகள்ல,” என்பாள். அதற்கு மேல் பேசமாட்டாள். அதுதான் அவருக்கு உறுத்தியது.

குப்பை வண்டி தள்ளிவரும் காத்தாயி வாசலில் நின்று “ராசு” என்று கூப்பிடுவாள். இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். கூப்பிட்டதும் ராஜலட்சுமி கவர்களோடு ஓடுவாள். கேட்டருகே ஏதோ குசுகுசுப்பு. சேவுகன் போனால் பேச்சு நின்றுவிடும்.

ஒருநாள் மொபெட்டில் வண்டியின் பின்னாலேயே போனார். சந்தேகம் வீண்போகவில்லை. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தனித்தனியாக வாங்கியதெல்லாம் ஊருக்கு வெளியே ஒரே குழியில் விழுந்தது. அவர் வீட்டுக் கவர்களை மட்டும் காத்தாயி தன் கட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். சேவுகன் செல்போனில் படம் பிடித்தார். அன்று அவருக்கு மத்தியானச் சோறு நன்றாக இறங்கியது.

அடுத்த கிராம சபையில் எழுந்தார்.

“எல்லாத்தையும் ஒண்ணாத்தான் கொட்டுறாங்க. பெறகு பிரிக்கிறது என்னத்துக்கு? எங்க வீட்டுக் கவரு மட்டும் இந்தம்மா பைக்குள்ள போகுது. எங்கிட்டுப் போகுதுன்னு கேட்டுச் சொல்லுங்க.”

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. காத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

பெண்கள் பக்கமிருந்து ராஜலட்சுமி எழுந்தாள். “அது களவு இல்ல. நாந்தான் கழுவிக் குடுக்குறேன். அழுக்குக் கவர அன்னவாசல் பழைய இரும்புக் கடையில எடுக்கமாட்டாக. சும்மா குடுத்தா காத்தாயி டீத்தண்ணி கூட வாங்காது. இதயாச்சும் வாங்குதேன்னுதான்…”

அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. களவு என்றதைக் காத்தாயி தாங்கியிருப்பாள். இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று ஊரே கேட்டதைத் தாங்கமாட்டாள். அந்த ஊரில் குப்பையைப் பிரித்ததில் ஒருத்திக்காவது காசு ஆனது அந்தக் கவர்களில்தான். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து அதையும் கெடுத்தாயிற்று.

மறுநாள் வண்டி வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, விசில் சத்தம் மட்டும் கேட்டது. ராஜலட்சுமி காய்ந்த கவர்களோடு ஓடினாள்.

“கழுவ வேண்டாம்மா. எல்லாத்தையும் ஒண்ணாவே போட்டுருங்க,” என்றாள் காத்தாயி, முகத்தைப் பார்க்காமல். அந்தக் கவர்களையும் வாங்கிக் குப்பைக்குள் போட்டுவிட்டு வண்டியைத் தள்ளினாள்.

உள்ளே வந்தவள் அன்றைய பால் கவரைக் கழுவாமல், பால் சொட்டச் சொட்டச் சேவுகன் கையில் வைத்தாள்.

“இந்தாங்க. தண்ணி மிச்சம்,” என்றாள்.